பேக்கப் இருக்கிறது... திரும்ப வருமா?

வடக்கனந்தலிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கேள்வியை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அங்கே ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை நடத்துகிறார்.

"வணக்கம் சார். கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். போன வருடம் சர்வீஸ் செய்யும் தம்பி சி டிரைவ் முழுவதையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துக் கொடுத்தார். பச்சை டிக் வந்தது. டிஸ்க்கை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு கம்ப்யூட்டர் போய்விட்டால் அதிலிருந்து எல்லாம் அப்படியே திரும்ப வருமா? சோதித்துப் பார்க்கலாம் என்றால், சோதிக்கும்போதே இப்போது ஓடிக்கொண்டிருப்பதும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது."

கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. பேக்கப் எடுங்கள், பேக்கப் எடுங்கள் என்று என்னைப் போன்றவர்கள் வாரா வாரம் எழுதுகிறோம். எடுத்ததை ஒருமுறை திரும்பப் போட்டுப் பாருங்கள் என்று சொல்பவர்கள் குறைவு. இந்தச் சகோதரியின் பயமும் நியாயமானது. ரீஸ்டோர் என்பது, எந்த டிஸ்க்கில் செய்கிறோமோ அதில் இருப்பதை அழித்துவிட்டு மேலே எழுதுகிற வேலை. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரில் 'வருகிறதா பார்ப்போம்' என்று அழுத்திவிட்டு, பாதியில் கரண்ட் போனால் இருந்ததும் இல்லை, வந்ததும் இல்லை. ஆகவே ஓடுகிற டிஸ்க்கின் மேல் சோதனையே வேண்டாம். அதைத் தொடாமலேயே முக்கால்வாசி சோதித்துவிடலாம். மீதிக் காலுக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும். எப்படி என்று சொல்வதற்கு முன்னால், இவ்வளவு மெனக்கெட அந்த சி டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

"விண்டோஸ் போனால் என்ன, ஒரு மணி நேரத்தில் புதிதாகப் போட்டுவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். வெறும் விண்டோஸ் என்றால் உண்மைதான். ஆனால் ஒரு டி.டி.பி. கடையின் சி டிரைவ் பல வருடச் சேர்மானம். பேஜ்மேக்கர், போட்டோஷாப், பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும் உரிய டிரைவர்கள், கைரேகைக் கருவிக்கு வேண்டிய மென்பொருள், விரல் பழகிப்போன தமிழ் கீபோர்டு அமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே எழுத்துருக்கள். டிரைவர் சிடி எங்கே போனது, எந்த வெர்ஷன் போட்டிருந்தோம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

எழுத்துரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ். இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாமே ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் குழம்பிக் கிடக்கும். யூனிகோடு வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது என்பது சரி. ஆனால் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த மாடல்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் பல கடைகளில் இருக்கின்றன. கோப்பை மட்டும் டி டிரைவில் வைத்துக் காப்பாற்றி, சி டிரைவில் இருக்கும் எழுத்துருவை விட்டுவிட்டால், பெட்டி இருக்கும், சாவி இருக்காது.

வருமானச் சான்று, சாதிச் சான்று விண்ணப்பங்கள் அரசாங்க சர்வரில் இருக்கின்றன. கடைக் கம்ப்யூட்டர் போனால் அவை போகாது. போவது கடையின் வேலை நாட்கள். மே, ஜூனில் ரிசல்ட் வந்து, கல்லூரி சேர்க்கைக்காகப் பிள்ளைகள் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து நிற்கிற நேரத்தில், 'சிஸ்டம் ரிப்பேர், மூணு நாள் கழிச்சு வாங்க' என்று அட்டை மாட்டினால் நஷ்டம் கடைக்கு மட்டும் இல்லை.

சி டிரைவை அப்படியே ஒரு மொத்தப் படமாக எடுத்து வைப்பதைத்தான் சிஸ்டம் இமேஜ் என்கிறார்கள். விண்டோஸ் ஃபோல்டரை காப்பி செய்து பென் டிரைவில் போடுவது இமேஜ் ஆகாது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கத் தேவையான, நம் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பகுதி ஒன்று டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும். அதுவும் சேர்ந்து வந்திருந்தால்தான் திரும்பப் போடும்போது விண்டோஸ் எழும்.

பச்சை டிக் என்ன சொல்கிறது?

அந்த டிக்குக்கு ஒரே அர்த்தம்தான்: 'எழுதச் சொன்னதை எழுதி முடித்தேன்.' திரும்ப வரும் என்று அது சொல்லவில்லை. சில சமயம் எழுதியது எதுவுமே இல்லாமலும் டிக் வரும்.

சும்மா சொல்லவில்லை. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. என்னென்ன மென்பொருள் இருக்கிறது, எது எங்கே இருக்கிறது, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கும் பேரேடு. விண்டோஸ் நீண்ட காலமாக இந்தப் பேரேட்டுக்குத் தானாகவே ஒரு நகல் எடுத்து, 'ரெக்பேக்' என்ற ஃபோல்டரில் வைத்து வந்தது. கம்ப்யூட்டர் எழும்பாமல் போனால் சர்வீஸ் ஆட்கள் முதலில் தேடுவது அதைத்தான். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதை நிறுத்திவிட்டது. ஃபோல்டர் இருந்தது. உள்ளே கோப்புகளின் பெயர்களும் இருந்தன. நகல் எடுக்கும் வேலை குறித்த நேரத்தில் ஓடி, 'வெற்றிகரமாக முடிந்தது' என்றும் சொன்னது. கோப்பின் அளவு மட்டும் 0 கேபி! கேள்விகள் எழுந்த பிறகு 2019-இல், இது பழுது இல்லை, டிஸ்க்கில் இடத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றே செய்தது என்று அந்த நிறுவனம் விளக்கம் கொடுத்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போன அன்றைக்கு அந்த ஃபோல்டரைத் திறந்து பூஜ்யத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் என்ன ஆறுதல் கொடுத்திருக்கும்?

குழந்தைகளோடு 'டாய் ஸ்டோரி 2' பார்த்திருப்பீர்கள். 1999-இல் வெளியான படம். அதற்கு முந்தைய வருடம், படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் கொடுத்த ஒரு தவறான கட்டளையால் பிக்ஸார் நிறுவனத்தின் சர்வரில் இருந்த படம் கண்ணெதிரே அழியத் தொடங்கியது. கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் போனது. கவலை வேண்டாம், பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டால், அது ஒரு மாத காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் இடையில் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரின் பின் சீட்டில் வைத்து, குழந்தையைக் கூட்டி வருவதுபோல ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கும்போது இந்தக் கதையை மேலதிகாரிக்குச் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் நிபுணர்களையே வாடிக்கையாளர்களாகக் கொண்ட கிட்லேப் நிறுவனத்துக்கும் இதே நிலைமை வந்தது. 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், அழிக்க வேண்டிய சர்வர் என்று நினைத்து வேறு சர்வரில் இருந்த தகவலை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். அந்த இரவில் ஐந்தில் எதையும் நம்ப முடியவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தினமும் ஓடிய ஒரு பேக்கப், வெர்ஷன் பொருந்தாமல் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்கள் போய்ச் சேரவே இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்த நகல்தான் கடைசியில் கை கொடுத்தது.

வருகிறது சரி, எந்தத் தேதி வருகிறது?

பக்கத்திலேயே, இலங்கையில் நடந்தது இன்னொரு வகை. 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் அமைப்பை ரான்சம்வேர் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ் இது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகள் அதில் இருந்தன. அரைநாளுக்குள் அமைப்பை மறுபடி எழுப்பிவிட்டார்கள். ஆனால் திரும்ப வந்தது மே 17 வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 26 வரை வந்த, போன கடிதங்கள் எல்லாம் போயின. அந்த நாட்களுக்கு இருந்த நகலும், இணைப்பிலேயே இருந்ததால், தாக்குதலில் சேர்ந்து அடிபட்டது. மூன்று மாதத்துக்கும் மேலான அரசாங்கக் கடிதப் போக்குவரத்து! அதற்குப் பிறகுதான், இணைப்பில் இல்லாத தனி நகலைத் தினமும் எடுப்பது என்ற ஏற்பாட்டுக்குப் போனார்கள்.

வடக்கனந்தல் சகோதரி இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருக்காமல் பீரோவில் வைத்திருக்கிறாரே, அது மிகச் சரி. வைரஸுக்கு பீரோ சாவி கிடைக்காது. ஆனால் 'போன வருடம்' என்றாரே, அதுதான் இடிக்கிறது. அந்த டிஸ்க் நன்றாக வேலை செய்தாலும் போன வருடத்துக் கடைதான் திரும்ப வரும். அதற்குப் பிறகு மாற்றிய பிரின்டர், சேர்த்த எழுத்துரு, டெஸ்க்டாப்பில் போட்ட புது மாடல் எதுவும் அதில் இருக்காது. எனவே முதலில் புதிதாக ஒரு இமேஜ் எடுங்கள். இடம் இருந்தால் பழையதை அழிக்காதீர்கள். புதியது சோதனையில் தேறும் வரைக்கும் பழையதுதான் துணை.

சோதனையை உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். டிஸ்க்கைச் செருகி, இமேஜ் கோப்பின் தேதியையும் அளவையும் பாருங்கள். சி டிரைவில் 90 ஜிபி நிரம்பியிருக்கிறது என்றால், சுருக்கிச் சேமிப்பதால் இமேஜ் கொஞ்சம் சிறியதாக இருக்கலாம். 2 ஜிபி என்று காட்டினால் ஏதோ தவறு.

பேக்கப் மென்பொருள்களில் 'வெரிஃபை' என்று ஒரு பட்டன் இருக்கும். அதையும் அழுத்துங்கள். எழுதும்போது இருந்ததும் இப்போது டிஸ்க்கிலிருந்து படிக்கும்போது வருவதும் ஒன்றா என்று அது ஒப்பிட்டுச் சொல்லும். பழைய டிஸ்க்கில் ஒரு இடம் பழுதாகியிருந்தால் இதில் தெரிந்துவிடும். ஆனால் இதிலும் பச்சை டிக் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கடிதம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், கடிதத்தில் எழுதியிருப்பது சரியா என்று பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்து, இமேஜைத் திறந்து உள்ளே பாருங்கள். விண்டோஸிலேயே உள்ள வசதியில் எடுத்த இமேஜ் என்றால், அது ஒரு மெய்நிகர் டிஸ்க் கோப்பாக இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய், 'அட்டாச்' கொடுத்து, 'ரீட் ஒன்லி' என்பதையும் டிக் செய்தால் இன்னொரு டிரைவ் போலத் தெரியும். மற்ற மென்பொருள்களிலும் பெரும்பாலும் 'மவுன்ட்' அல்லது 'பிரவுஸ்' என்ற பெயரில் இது இருக்கும். இதனால் அசல் டிஸ்க்குக்கு எந்த ஆபத்தும் இல்லை. உள்ளே போய் விண்டோஸ் ஃபோல்டரில் ஃபான்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து பாருங்கள். ஒன்று போதாது. பழையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, பெரிய போட்டோஷாப் கோப்பு ஒன்று. வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் இந்தக் கம்ப்யூட்டர் போய்விட்டால் அப்படித்தானே திறக்க வேண்டியிருக்கும்?

இதுவரைக்கும் டீ குடித்துக்கொண்டே செய்யலாம். இனிமேல்தான் அதிகம் பேர் சறுக்கும் இடம்.

விண்டோஸ் எழும்பாத அன்றைக்கு, பேக்கப் மென்பொருளும் எழும்பாது. அதுவும் அந்த சி டிரைவில்தானே இருக்கிறது! அதனால்தான் ரெஸ்க்யூ பென் டிரைவ் என்று தனியாக ஒன்று தயார் செய்யச் சொல்கிறார்கள். சர்வீஸ் தம்பி அதைச் செய்து கொடுத்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இப்போதே செய்யச் சொல்லுங்கள். பிறகு கடை மூடும் நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டரை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து எழுப்பிப் பாருங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பட்டன் அழுத்த வேண்டும். உங்களுடையது எது என்று கண்டுபிடித்து, ஒரு தாளில் எழுதி சி.பி.யு. மேல் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் இந்தப் பட்டனைத் தேடியே பாதி நேரம் போகும்.

ரெஸ்க்யூ திரை வந்ததும் நான்கு விஷயம் பாருங்கள். மவுஸ், கீபோர்டு வேலை செய்கிறதா, பேக்கப் டிஸ்க் தெரிகிறதா, அதில் உள்ள இமேஜ் சரியான தேதியோடு தெரிகிறதா, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க் தெரிகிறதா. கடைசியாகச் சொன்னதில்தான் புதிய இன்டெல் கம்ப்யூட்டர்களில் சிக்கல் வரும். எஸ்.எஸ்.டி. உள்ளேயே இருக்கும், அதற்குரிய டிரைவர் ரெஸ்க்யூ பென் டிரைவில் இல்லாததால், டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். இன்றைக்குத் தெரிந்தால் டிரைவரைச் சேர்த்துவிடலாம். கூட்டம் நிற்கும்போது தெரிந்தால்? இவ்வளவும் பார்த்துவிட்டு, ரீஸ்டோரைத் தொடங்கும் கடைசிப் பட்டனை மட்டும் அழுத்தாமல், கேன்சல் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். கால் மணி நேர வேலை. பைசா செலவு இல்லை. ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

விண்டோஸின் சொந்த வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அது பேக்கப்பை 'விண்டோஸ் இமேஜ் பேக்கப்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில், டிஸ்க்கின் முதல் படியிலேயே வைக்கும். டிஸ்க்கை ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாராவது அதை 'கடை பேக்கப்' என்ற இன்னொரு ஃபோல்டருக்குள் நகர்த்திவிட்டால், ரீஸ்டோர் திரை 'இமேஜ் எதுவும் இல்லை' என்று கையை விரித்துவிடும். பெயரை மாற்றினாலும் அதே கதைதான். இன்னொன்று, அசல் டிஸ்க்கைவிடச் சிறிய டிஸ்க்கில் அது ரீஸ்டோர் செய்யாது. 500 ஜிபி டிஸ்க்கில் 90 ஜிபிதான் பயன்படுத்தியிருந்தாலும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யில் ஏற்றாது. மைக்ரோசாஃப்ட்டே 2017-லிருந்து இந்த வசதியை மேம்படுத்துவதில்லை, வேறு நிறுவன மென்பொருளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. வீம் நிறுவனத்தின் இலவசப் பதிப்பு இருக்கிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் குளோன்ஜில்லா பயன்படுத்துவார்கள். பலரும் வைத்திருந்த மேக்ரியத்தின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுவிட்டது.

இப்போது உண்மையான ஒத்திகை. இதற்கு ஒரு காலி டிஸ்க் வேண்டும். புதிதாக வாங்கினால் நல்லது. சர்வீஸ் கடையில் ஒருநாள் இரவல் கிடைத்தாலும் போதும். கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஓடிக்கொண்டிருக்கும் அசல் டிஸ்க்கைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுங்கள். அது மேஜை மேல் இருக்கும் வரை நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சகோதரியின் பயத்துக்கு இதுதான் மருந்து. டெஸ்க்டாப்பில் இது ஸ்குரூ டிரைவர் வேலை; லேப்டாப் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், பின்பக்கத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம். காலி டிஸ்க்கை அந்த இடத்தில் மாட்டி, ரெஸ்க்யூ பென் டிரைவில் எழுப்பி, ரீஸ்டோர் கொடுங்கள். யு.பி.எஸ்.ஸில் ஓடட்டும். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான், வாடிக்கையாளரிடம் 'மத்தியானம் வாங்க' என்று சொல்வதா 'நாளைக்கு வாங்க' என்று சொல்வதா என்பது தெரியும்.

விண்டோஸ் எழுந்துவிட்டது என்றால் பாதிதான் தேறியது. கடையைத் திறந்தது போல வேலை செய்து பாருங்கள். பேஜ்மேக்கர் திறந்து ஒரு பத்திரிகையை பிரின்ட் எடுங்கள். தமிழில் நான்கு வரி அடியுங்கள். ஸ்கேன் போடுங்கள். கைரேகைக் கருவி விரலை எடுக்கிறதா பாருங்கள். வரவு செலவுக் கணக்கு வைத்திருந்தால் கடைசி நாள் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால், கம்ப்யூட்டரை நிறுத்தி, சோதனை டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அசலை மாட்டிவிடலாம். இரண்டும் ஒரே அச்சு என்பதால் ஒரே நேரத்தில் இரண்டையும் மாட்டி எழுப்ப வேண்டாம். எது எது என்று விண்டோஸ் குழம்பும்.

இரவல் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதில் இப்போது உங்கள் கடை முழுவதும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் கொடுத்த ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைகளின் மார்க் ஷீட், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் உட்பட. முழுமையாக அழித்த பிறகுதான் டிஸ்க் கைமாற வேண்டும். வேகமான ஃபார்மட் போதாது, முழு ஃபார்மட் கொடுங்கள். டெஸ்க்டாப்பில் வருடக்கணக்காக ஆதார் நகல்களைச் சேர்த்து வைப்பதே தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. விண்ணப்பம் போன பிறகு அழித்துவிட்டால் பேக்கப்பும் சின்னதாகும், பொறுப்பும் குறையும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறீர்கள். மாறுவதற்கு முந்தைய நாள்தான் இந்த ஒத்திகைக்குச் சரியான நாள். புதியது பிடிக்கவில்லை, பழைய பிரின்டர் ஒத்துழைக்கவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்கும். இதில் இன்னொரு சங்கதி. புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தவுடன், நம்மைக் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்படுவது இப்போது சாதாரணம். பிட்லாக்கர் என்று பெயர். ரீஸ்டோர், மதர்போர்டு செட்டிங் மாற்றம் போன்றவற்றின்போது திடீரென்று 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நிற்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் பிரின்ட் எடுத்து, பேக்கப் டிஸ்க்கோடு வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போடுவார்களா?

கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் என்பவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் இதே கேள்விதான். வாட்ஸ்அப் பேக்கப்புக்கு பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவி போட்டுப் பூட்டியிருந்தால், அது ஞாபகம் இருக்கிறதா? மறந்துவிட்டால் புது போனில் அந்த பேக்கப்பைத் திறக்க முடியாது. வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. செட்டிங்ஸில் போய், கடைசி பேக்கப் என்றைக்கு எடுத்தது என்ற தேதியையும் பாருங்கள். கூகுள் கணக்கில் இடம் நிரம்பியதால் மாதக்கணக்கில் நின்றுபோயிருக்கும், நமக்குத் தெரிந்திருக்காது. கூகுள் போட்டோஸில் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள், அதே செயலியில் ஒரு படத்தை அழித்தால் அங்கும் இங்கும் சேர்ந்து அழியும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு நகல் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து நாலு படத்தைத் திறந்து பார்த்தால் சோதனை முடிந்தது.

மறுபடி பீரோவுக்கு வருகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் எப்படிக் கொட்டியது என்று அந்தப் பகுதி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடையிலேயே கம்ப்யூட்டர், கடையிலேயே பீரோ, பீரோவிலேயே பேக்கப் என்றால், தண்ணீர் உள்ளே வந்தால் மூன்றும் சேர்ந்து நனையும். கடிதத்தில் பீரோ கடையில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா என்று எழுதவில்லை. கடையில் என்றால் வீட்டுக்கு மாற்றுங்கள். வீடும் கடையும் ஒரே கட்டடம் என்றால், அடுத்த தெருவில் இருக்கும் உறவினர் வீட்டு மேல் அலமாரி போதும்.

டிஸ்க்கின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, இமேஜ் எடுத்த தேதி, திரும்பப் போட்டுப் பார்த்த தேதி, ஆன நேரம் மூன்றையும் பேனாவால் எழுதிவிடுங்கள். எழுத்துரு, பிரின்டர், மென்பொருள் என்று பெரிதாக எதையாவது மாற்றினால் புது இமேஜ் எடுத்து, பென் டிரைவ் சோதனையை மறுபடி செய்யுங்கள். முழு ஒத்திகை வருடத்துக்கு ஒருமுறை போதும். ஏப்ரலில் வைத்துக்கொண்டால் ரிசல்ட் கூட்டம் வருவதற்கு முன்னால் முடிந்துவிடும்.